லினக்ஸ் போட்ட ஜெராக்ஸ் கடை

கண்டவர் பென் டிரைவையும் வாங்கிச் செருகிப் பிழைக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்கு ஒரு கடை. வைரஸ் வந்து கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொள்ளவே, வெறுத்துப்போய், வீடியோக்களைப் பார்த்து, விண்டோஸைத் தூக்கிவிட்டு நானே லினக்ஸ் போட்டேன். இலவசம், வைரஸ் தொல்லையும் கிடையாது என்றார்கள். அதில் ஒன்றும் பொய்யில்லை.

முதல் நாள்

அரும்பாவூர் தமிழ் டீச்சர் வந்தார். ஒரு தனியார் பள்ளியின் கேள்வித்தாள் வேலை முழுக்க அவர் கொண்டுவருவதுதான். கடை ஓடுவதே அதனால்தான். பழைய எழுத்துருவில் அவர் அடித்திருந்த ஃபைலைத் திறந்தேன். செய்யுள் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமாகக் கொட்டிக் கிடந்தது. எழுத்துருவைத் தேடி ஏற்றினேன். எழுத்து வந்தது, வரிகள் இடம் மாறிக் கிடந்தன, பிரிண்டரும் வேலை செய்யவில்லை. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் எதையெதையோ அடித்துப் பார்த்தேன். எனக்கு வேர்த்துவிட்டது. டீச்சர் பொறுமையாகத்தான் இருந்தார். கடைசியில் பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

"நீங்க நிதானமா கத்துக்கங்க சார். நான் எதிர்க்கடையில எடுத்துக்கறேன்."

சத்தம் போடாத கம்ப்யூட்டர்

லப்பைக்குடிகாட்டு பாய் ஒருவர், துபாயில் இருக்கும் மகனுக்குப் பென் டிரைவில் இருந்த சான்றிதழ்களை மெயிலில் அனுப்பச் சொன்னார். சிக்கலில்லாமல் போய்விட்டது. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை. மற்ற கடைகளில் பென் டிரைவைச் செருகியதும் வைரஸ் என்று சிவப்பாக வருமாம். இதில் அது ஒட்டாது பாய் என்று விளக்கினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"மத்த எடத்துல எல்லாம் கண்டுபுடிச்சிடுது தம்பி. உங்களுதுக்கு அதுகூடத் தெரியலையே."

பிரிண்டர் பேசியது

ஒருவழியாகப் பிரிண்டர் வழிக்கு வந்தது. முதல் டெஸ்ட் பேஜை எடுத்துக்கொண்டு ஓடி மனைவியிடம் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத யாருங்க வந்து வாங்குவா?"

திரும்பி வந்த டீச்சர்

விடிந்தால் பரீட்சை. டீச்சர் பதறிக்கொண்டு வந்தார். எதிர்க்கடையில் செருகியதில் வைரஸ் ஏறி, ஃபைல் எல்லாம் மறைந்து வெறும் ஷார்ட்கட்டாக நிற்கிறதாம். நான் செருகினேன். ஒன்று விடாமல் அத்தனை கேள்வித்தாளும் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிண்ட் போடட்டுமா என்று பேப்பரைக்கூட அடுக்கிவிட்டேன்.

"வேணாம் சார், வைரஸ மட்டும் எடுத்துக் குடுங்க. அங்கதான் வரி எடம் மாறாம வருது."

சுருக்கமாகச் சொன்னால், பெரம்பலூரிலேயே சுத்தமான கம்ப்யூட்டர் இன்றைக்கு என்னுடையதுதான், தொடுவதற்கு ஆளில்லை.