நான் நூறு சதவீதம் வேலை வாங்கிக் கொடுத்த கதை

1. பர்சனல் மேனேஜர், ஹைகோர்ட்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கல்கத்தாவில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் ப்ளேஸ்மென்ட் ஆபீஸராகச் சேர்ந்த முதல் நாள், நான் டைப் அடித்த முதல் கடிதம் 'பர்சனல் மேனேஜர், ஹைகோர்ட்' என்ற முகவரிக்கு. தங்கள் நிறுவனத்தில் இந்த வருடம் எத்தனை வக்கீல்கள் தேவைப்படுவார்கள் என்று பணிவோடு கேட்டிருந்தேன்.

டைரக்டர் பட்டாச்சார்யா அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மூர்த்திபாபு, அப்படியே ஜட்ஜுக்கும் வேகன்ஸி இருக்கான்னு கேட்டிருக்கலாமே?"

நான் அதை நல்ல யோசனை என்று நினைத்துப் பென்சிலை எடுத்தேன். (அவர் பேசியது வங்காளமும் இங்கிலீஷும். என் வசதிக்குத் தமிழில் எழுதுகிறேன்.)

அதற்கு முன் ஒரு தேயிலைக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனி வி.ஆர்.எஸ். கொடுத்து எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பியது. வீட்டில் எனக்கு உட்கார வரவில்லை. லேக் மார்க்கெட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவே ஒரு நாளைக்கு ஏழு தடவை நடந்தேன். "இன்னொரு கட்டு கொத்தமல்லியோட வந்தீங்கன்னா, அதை உங்க தலையிலயே நட்டுடுவேன்" என்றாள் என் மனைவி சாரதா. அந்த வாரமே வேலை தேடினேன். டெஸ்பாட்ச் கிளார்க் என்பதை 'கார்ப்பரேட் அனுபவம்' என்று பயோடேட்டாவில் எழுதியிருந்தேன். பட்டாச்சார்யா அதை நம்பினார். வேலைவாய்ப்புத் துறையில் நான் சொன்ன முதல் பொய் அது. கடைசிப் பொய் அல்ல.

2. அட்டாச்டு

கல்லூரி பவானிபூரில் இருந்தது. கீழே தையல் மிஷின் கடை, மேலே மூன்று மாடி சட்டம். தினமும் நாலு மணிக்குக் கோர்ட் முடிந்ததும் பழைய மாணவர்கள் கறுப்புக் கோட்டோடு நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். நிற்பார்கள் என்பதுகூடச் சரியில்லை. ஒரு கால் மாற்றி ஒரு கால் வைப்பார்கள், மாடி ஏறுவார்கள், இறங்குவார்கள், என் அறைக் கதவில் தலையை மட்டும் நீட்டி "ஸார், ஏதாவது?" என்பார்கள்.

"நாளைக்கு" என்பேன்.

அவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு சீனியரிடம் 'அட்டாச்டு'. அதாவது பகலில் அவருடைய ப்ரீஃபைச் சுமந்துகொண்டு கோர்ட்டில் வாய்தா கேட்க வேண்டும். சாயங்காலம் அவர் வீட்டுச் சேம்பரில் பெஞ்சில் உட்கார வேண்டும். சம்பளம் என்று ஒன்று கிடையாது. பொரியும் பஜ்ஜியும் வரும், பெரிய கேஸ் ஜெயித்தால் சந்தேஷ் என்ற பால் இனிப்பு வரும். இப்படிச் சில வருடம் ஓடும்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகைகள் சட்டக் கல்லூரிகளுக்கு ரேங்க் போட ஆரம்பித்திருந்தன. டெல்லியிலிருந்து ஒரு பத்திரிகையின் ஃபாரம் வந்தது. அதில் பதினாறாவது பத்தி, ஆபீஸ் பாஷையில் காலம் பதினாறு: சென்ற வருடம் முடித்தவர்களில் வேலை கிடைத்தவர்கள், நிறுவனத்தின் பெயர், தொலைபேசி எண். முடித்தவர்கள் நாற்பது பேர். உண்மையில் வேலை கிடைத்தவர்கள் ஒன்பது.

டைரக்டர் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே அறைக்குள் நடந்தார். அவர் நடந்ததால் நானும் நடந்தேன்.

"ஒன்பது பேரை வச்சுக்கிட்டு எந்த ரேங்க் வாங்கறது, மூர்த்திபாபு?"

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்களில்தான் எனக்குக் கஷ்டம் வந்திருக்கிறது.

"ஸார், அட்டாச்டுன்னா ப்ளேஸ்டுதானே? சேம்பரும் ஒரு ஆர்கனைசேஷன்தானே?"

பட்டாச்சார்யா நின்றார். என் தோளில் கை வைத்தார். மூன்று வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒவ்வொரு சீனியரின் சேம்பரையும் நிறுவனமாக்கி, ஒவ்வொரு பெஞ்சையும் வேலையாக்கினேன். முப்பத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள். மிஞ்சியது கல்பனா.

கல்பனாவின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலி. அவள் பிறந்தது, படித்தது எல்லாம் கல்கத்தாவில். இரண்டு சீனியர்களிடம் போய்க் கேட்டாள். "உங்கப்பா ரிடையரானதும் சவுத்துக்குப் போயிடுவே, உனக்கு எதுக்குக் கத்துக் கொடுக்கணும்?" என்று இருவருமே அனுப்பிவிட்டார்கள். வாரம் ஒரு தடவை எங்கள் வீட்டுக்குக் காபி சாப்பிட வருவாள். ஒரு தடவை எங்கள் மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகியதற்குக் கார்ப்பரேஷனுக்கு அழகாக ஒரு மனு எழுதிக் கொடுத்தாள்.

ஆக, காலம் பதினாறில் கடைசி வரி: 'கல்பனா, லீகல் கன்சல்டன்ட், மூர்த்தி அசோசியேட்ஸ், லேக் மார்க்கெட்.' நம்பர், எங்கள் வீட்டு நம்பர்.

பத்திரிகைக்காரர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஃபோன் செய்து சரிபார்ப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சாரதா எடுத்திருக்கிறாள்.

"மூர்த்தி அசோசியேட்ஸா?"

"மூர்த்தி குளிக்கிறார்."

"மிஸ் கல்பனா அங்கே வருகிறாரா?"

"வந்தா. இப்பத்தான் போனா."

"ரெகுலராக?"

"வாரா வாரம் தவறாம வருவா. நல்ல பொண்ணு."

டெல்லியில் டிக் போட்டுவிட்டார்கள். நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது சாரதா இடுப்பில் கை வைத்து நின்றாள். "நம்ம வீட்டுல எப்போலேர்ந்து ஆபீஸ் நடக்குது? நான் யாரு, ரிசப்ஷனிஸ்டா?"

ரேங்க் பத்து இடம் ஏறியது. வாசலில் பேனர் கட்டினோம்: நூறு சதவீதம் ப்ளேஸ்மென்ட். கறுப்புக் கோட்டுக்காரர்கள் பேனருக்குக் கீழே நின்று, "ஸார், ஏதாவது?" என்றார்கள்.

3. நில்

அந்த ரேங்கைப் பார்த்துவிட்டு ஒரு நிஜமான கம்பெனி கடிதம் போட்டது. கல்கத்தாவின் ஆபீஸ் வட்டாரமான டல்ஹௌசியில் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி. இரண்டு லா ஆபீஸர்கள் வேண்டும். பார் கவுன்சிலில் பதிவாகியிருக்க வேண்டும், சென்ற வருடம் முடித்தவராக இருக்க வேண்டும், இதுவரை வேலை கிடைக்காதவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களின் பட்டியலை அனுப்பவும்.

கடைசி நிபந்தனையை அவர்கள் எங்கள் கல்லூரியின் ப்ளேஸ்மென்ட் கையேட்டைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். 'ஒரு மாணவருக்கு ஒரு வேலை' என்ற விதியை அதில் எழுதியது நான்தான். என் மருமான் படித்த இன்ஜினீயரிங் காலேஜ் கையேட்டிலிருந்து காப்பியடித்தது. அங்கே ஒருவனுக்கு மூன்று வேலை கிடைத்ததாம், அதனால் விதி. எங்களுக்கும் இருக்கட்டும், கௌரவமாக இருக்குமே என்று சேர்த்துவிட்டேன்.

டைரக்டருக்குச் சந்தோஷம். "நில் ரிப்போர்ட் அனுப்புங்க. எங்க பசங்க ஒருத்தர்கூட மிச்சம் இல்லைன்னு. இதைவிட என்ன பெருமை வேணும்?"

நில் கடிதத்தை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கல்பனா வந்தாள்.

"ஸார், அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நேராவே போனேன். காலேஜ் லிஸ்ட் வழியா வாங்கன்னாங்க. லிஸ்ட்ல நான் இருக்கேன்ல?"

"நீ... ப்ளேஸ்டு ஆச்சேம்மா."

"நானா? எங்க?"

சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த மாசம் அப்பா ரிடையர் ஆறாங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். ஒரு வேலை இருந்தா நான் இங்க ஹாஸ்டல்ல இருந்துக்கலாம். இல்லைன்னா திருநெல்வேலி. அங்க கீழ்க்கோர்ட்ல எல்லாம் தமிழ்லதான் நடக்குமாம். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. பஸ் போர்டுகூடப் படிக்க மாட்டேன், ஸார். அங்க நான் என்ன வக்கீல்?"

மறுபடியும் என் மூளை வேலை செய்தது. "ஒண்ணு பண்ணலாம். மூர்த்தி அசோசியேட்ஸ்லேர்ந்து உனக்கு ரிலீவிங் லெட்டர் கொடுத்துடறேன். ஆள் குறைப்புன்னு போட்டுக்கலாம். நீ ஒரு ராஜினாமா எழுதிக் கையெழுத்துப் போடு..."

"பார்க்காத வேலைய எப்படி ராஜினாமா பண்றது? நீங்க எழுதின பொய்க்குக் கீழே நான் கையெழுத்துப் போடணுமா?"

"வேற வழி?"

"உங்களுக்குத்தான் வழி வழியாத் தோணுமே, ஸார். யோசிங்க."

போய்விட்டாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறவரை நின்றுகொண்டிருந்தேன். அப்புறமும் உட்கார முடியவில்லை.

4. லால்தீகியைச் சுற்றி

நில் கடிதத்தை நானே நேரில் கொண்டுபோனேன். மினி பஸ்ஸில் ஸீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனேன். டல்ஹௌசியில் இறங்கி, கம்பெனி வாசலைத் தாண்டி, லால்தீகிக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். மண் கப்பில் டீ குடித்தேன். இரண்டாவது சுற்று. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் கல்பனா போவாள். மூன்றாவது சுற்றில் டீக்காரர், "தாதா, வாக்கிங்கா? டாக்டர் சொன்னாரா?" என்றார். (தாதா என்றால் அங்கே அண்ணா.)

மாடி ஏறினேன். பாதியில் இறங்கினேன். மறுபடி ஏறினேன்.

பர்சனல் மேனேஜர் மிஸஸ் சென்குப்தா கடிதத்தைப் படித்தார். இந்த முறை நிஜமாகவே ஒரு பர்சனல் மேனேஜர்.

"ஒருத்தர்கூட மிச்சமில்லையா? கங்கிராஜுலேஷன்ஸ்."

கடிதம் டிரேயில் விழுந்தது. நான் எழுந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன்.

"பாத்ரூம் வலது பக்கம்" என்றார்.

"மேடம், அந்தக் கடிதம் நான் எழுதினது."

"தெரியுதே. கையெழுத்து இருக்கு."

"பொய், மேடம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். நான் அட்டாச்டு, ப்ளேஸ்டு, பெஞ்சு, பஜ்ஜி, நிஜமாக வேலை கிடைக்காத முப்பத்தோரு பேர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எங்கள் கையேட்டில் வேலை கிடைத்தவர்கள் பட்டியலைப் புரட்டினார்.

"மூர்த்தி அசோசியேட்ஸ்?"

"எங்க வீடு, மேடம்."

சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். சிரிக்கவில்லை.

"இங்கே வந்து இதைச் சொல்றது உங்க டைரக்டருக்குத் தெரியுமா?"

"நாளன்னிக்கு தெரிஞ்சுடும்னு நினைக்கிறேன்."

"அப்ப நாளன்னிக்கே வரேன், பத்து மணிக்கு. முப்பத்தோரு பேரும் இருக்கட்டும்."

மறுநாள் முழுக்க ஒவ்வொரு சேம்பருக்கும் ஃபோன் செய்தேன். அதற்கடுத்த நாள் காலையில் கல்லூரி வராந்தா முழுக்கக் கறுப்புக் கோட்டு. கல்பனா கடைசியில், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பட்டாச்சார்யா மாடியேறி வந்தார்.

"யாரு இவங்கெல்லாம்?"

"வேலை கிடைச்சவங்க, ஸார்."

"எதுக்கு வந்திருக்காங்க?"

"வேலை கேட்டு."

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னாலேயே மிஸஸ் சென்குப்தா படி ஏறி வந்துகொண்டிருந்தார். டைரக்டர் கை கூப்பினார்.

கல்பனா உள்ளே இருபது நிமிஷம் இருந்தாள். நான் வராந்தாவை அளந்தேன். வெளியே வந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தேன்னு."

"என்ன சொன்ன?"

"எங்கயும் இல்லைன்னேன்."

பத்து நாள் கழித்து ஆர்டர் வந்தது. ஒன்று அந்த முப்பத்தோரு பேரில் ஒரு ஹௌராப் பையனுக்கு, ஒன்று கல்பனாவுக்கு. அவள் பெற்றோர் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினார்கள். அவள் கரியாஹாட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் பெட்டியை இறக்கினாள். மற்ற இருபத்தொன்பது பேர் மறுபடி பெஞ்சுக்குப் போனார்கள்.

5. லைப்ரரி

"மூர்த்திபாபு, நாளையிலேர்ந்து லைப்ரரியைப் பாருங்க. புத்தகங்களுக்கு யாரும் வேலை தேட வேண்டாம்" என்றார் டைரக்டர். வேலை போகவில்லை, மாடி மட்டும் மாறியது.

அடுத்த வருட ஃபாரம் வந்தபோது அதன் காலங்கள் புரிகிற ஆள் வேறு யாரும் இல்லை. அது லைப்ரரிக்கே வந்து சேர்ந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். வேலை கிடைத்தவர்கள் ஒரு தாளில், அட்டாச்டு தனித் தாளில், ஒன்றும் கிடைக்காதவர்கள் மூன்றாவது தாளில். டைரக்டர் அதை ஒரு நாள் முழுக்க மேஜையில் வைத்து முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நிஜமான பட்டியல் வந்தால்தான் தன் கம்பெனி மறுபடி வரும் என்று மிஸஸ் சென்குப்தா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த வருடம் எங்கள் பெயர் ரேங்க் பட்டியலில் இல்லவே இல்லை. பேனரை மடித்து லைப்ரரி அலமாரிக்கு மேலே போட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வேலை கிடைக்காதவர்களின் பட்டியலை முதலில் போடுங்கள். கம்பெனிக்காரர்கள் ஆள் எடுப்பது அதிலிருந்துதான். ஒருவரை அதிலிருந்து பேனாவால் தூக்கிவிட்டால், அவர் அப்புறம் யார் கண்ணிலும் பட மாட்டார்.

ஃபாரத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் எனக்கு ஓர் ஆசை வந்தது. நான் சேர்ந்த நாளிலிருந்து, நானே கூட்டிக்கொண்டு வந்த கம்பெனியில், நானே பார்த்துக் கொடுத்த வேலை இரண்டுதான், அதில் ஒன்று கல்பனாவுடையது. அதை எழுதாமல் எப்படி? அவள் ஆபீஸுக்கு ஃபோன் செய்தேன். பின்னால் யாரோ ஏதோ ஃபைல் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கல்பனா, காலம் பதினாறில் உன் பேரைப் போட்டுக்கறேம்மா. இந்தத் தடவை நிஜமான கம்பெனிப் பேரோட."

"போன வருஷமே எழுதிட்டீங்களே, ஸார்."