முகாமுக்கு ஆள் தேடிய படலம்

ஒரு வேலைக்குச் சரியான பாஸை, அதுதான் கைவேலைக்காரரை, பிடிக்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். கண்டியில் உட்கார்ந்துகொண்டு எங்கோ பாலைவனத்திலுள்ள வெளிநாட்டு இராணுவ முகாமுக்கு அப்படி ஆட்களைப் பிடிப்பதுதான் என் தொழில். முகாமின் பராமரிப்பைக் குத்தகைக்கு எடுத்த கம்பனி குழாய், ஏசி, துப்புரவு மூன்றுக்கும் 'தகுதியான' ஒப்பந்தக்காரர்களைத் தேட எங்கள் சிறிய அலுவலகத்துக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தது. கிடைக்காவிட்டால் வேலை கொழும்புக்குப் போய்விடும். கூடவே என் கதிரையும்.

பலத்த பாதுகாப்பு

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பலத்த பாதுகாப்புள்ள இடத்தில் வேலை செய்த அனுபவம் உண்டா? பன்வில செல்வராஜ் அண்ணன் தேயிலைத் தோட்டங்களில் குழாய் வேலை எடுப்பவர். அந்தக் கட்டத்தில் ஒரு துரை பங்களாவை எழுதி வைத்திருந்தார். இது இராணுவக் காரியம், சிரிப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணு கேட்டு, நாலு நாயி, அதுக்கு மேல தொரைசாணி. அத்தனையும் தாண்டி கக்கூஸ் வரைக்கும் போய்ட்டு வந்தவன் நானு. வேற எவன் போயிருக்கான், சொல்லுங்க."

நேர்முகம்

தெல்தெனிய ஃபாரூக் நானா ஏசி வேலையில் கெட்டிக்காரர், பேச்சுதான் வராது. வீடியோவில் கம்பனி அதிகாரி கேட்க, நான் மொழிபெயர்க்க வேண்டும். அன்று பார்த்து எங்கள் அலுவலக ஏசி சூடான காற்றை ஊதியது. ஐம்பது பாகை வெயிலில் ஏசி நின்றால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஃபாரூக் நானா சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ ட்ரைவரோடு கதிரையில் ஏறிவிட்டார்.

கால் மணி நேரம் கெமராவில் அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நான் வியர்த்துப்போய், நினைவுக்கு வந்த சாமிகளையெல்லாம் கும்பிட்டேன். கடைசியில் குளிர்காற்று வந்து மேசையிலிருந்த தாள்கள் பறந்தன. அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"அவரை இறங்கச் சொல்லுங்கள். இனி முகத்தைக் காட்டாவிட்டாலும் பரவாயில்லை."

கூட்டம்

தெல்தோட்டை புஷ்பம் அக்கா கொழுந்து பறிப்பதை விட்டு, இருபது பெண்களோடு டவுன் ஹோட்டல்களில் துப்புரவுக் குத்தகை எடுப்பவர். பெரிய கூட்டம் தங்கும் இடத்தில் அனுபவமில்லை என்று கம்பனி அவரை இரண்டு தடவை தட்டிக்கழித்தது. விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ படிவத்தை என்னிடமிருந்து வாங்கித் தன் கையாலேயே தமிழில் எழுதினார். ஒரு சொல்லும் கூட்டாமல் மொழிபெயர்த்து அனுப்பினேன். மூன்றாம் நாள் சம்மதம் வந்தது. அவர் எழுதியது இவ்வளவுதான்:

"பெரஹரா ஊர்வலம் முடிஞ்ச மறுநாள் காலையில கண்டி ரோட்ட கூட்டியிருக்கோம். பட்டாளம் அதவிடவா குப்ப போட்டுறப் போவுது?"

சான்றிதழ்

மூவரும் தெரிவான அன்றே கம்பனியிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல்: ஆட்களைத் தெரிவு செய்தவரின் தகைமைச் சான்றிதழையும் அனுப்பவும். அது நான்தான். இதற்கு முன் நான் பார்த்த வேலை, புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தது. வீட்டு அலுமாரியைத் தலைகீழாக்கியும் பாடசாலையில் வாங்கிய நீச்சல் சான்றிதழ் ஒன்றுதான் அகப்பட்டது. அதை ஸ்கேன் பண்ணிய எங்கள் கிளார்க் ராணி தலை நிமிராமல் சொன்னார்:

"அனுப்புங்க சேர். பாலைவனத்துல நீந்தத் தெரிஞ்ச ஆளுக்குத் தட்டுப்பாடாத்தான் இருக்கும்."

அனுப்பினேன். இதுவரை அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் தொழிலில் தாள் போய்ச் சேர்ந்தால் போதும், அதைப் படிக்க வேண்டியவர் எப்போதும் லீவில்தான் இருப்பார்.