பேப்பரில் இருந்த பேரு

எங்கள் எஸ்டேட் லயத்து வரிசையில் கடைசி வீட்டுக்காரர் மேட்டில் தேயிலைக்கு மருந்து அடிக்கும்போது விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை. எழுபதுகளின் கடைசி அது. சம்பளத்தில் மாசாமாசம் பிடித்த சேமநிதிக் காசு அவர் சம்சாரத்துக்கு வரவில்லை. தான் செத்தால் காசு யாருக்கு என்று கேட்கிற பேப்பரில், கல்யாணத்துக்கு முன்னால் தம்பி பேரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு மாற்றவில்லை. "பேப்பர்ல பேரு உள்ளவங்களுக்குத்தான்மா போகும்" என்று ஆபீஸ் வாசலில் கணக்கு எழுதும் கிராணி அவளிடம் சொன்னபோது நான் பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு நின்றேன். அவள் எஸ்டேட்டில் வேலை செய்யாதவள், அதனால் வீட்டையும் விட வேண்டியதாயிற்று. மூன்று பிள்ளைகளோடு லோரியில் ஏறிக் கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்ட வேலைக்குப் போனாள். லோரி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிடித்தது பயம்.

என் வீட்டுக்காரரும் மருந்து அடிக்கிறவர்தான். மாசக்கணக்கில் இருமல். ஈப்போ ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஆப்ரேசன் என்று நாள் கொடுத்திருந்தார்கள். எனக்கு வேலை இருந்தது, வீடு போகாது. ஆனால் ஒருத்தி சம்பளத்தில் நாலு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியுமா?

சோறு போடும்போது கேட்டேன். "உங்க சேமநிதி பேப்பர்ல யார் பேரு இருக்கு?"

"அண்ணன் பேருதான். ஏன், இப்பவே பங்கு பிரிக்கப் போறியா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமானது.

"மாத்தி எழுதிடுங்க."

"என்னைத் தூக்கி வளர்த்தவரு. அவர் பேரை அடிச்சிட்டு அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல சாவுப் பேச்சு வேணாம்லா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆப்ரேசனுக்கு ஐந்து நாள் இருந்தது.

நான் யார் வீட்டிலும் ஒரு கை சீனிகூடக் கேட்டு நின்றதில்லை. அதிலும் எங்கள் வழக்கத்தில் வீட்டுக்காரரின் அண்ணனோடு நேரில் பேசக் கூடாது. அவர் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கித் தேயிலைச் செடிக்குள் நிற்பேன். கல்யாணமாகிப் பதின்மூன்று வருசத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் வேலை முடிந்து, மூடுபனி இறங்குகிற நேரத்தில், அந்த அண்ணன் வீட்டு அடுப்படிக் கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். உள்ளே அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் சம்சாரத்தைப் பார்த்துப் பேசினேன்.

"அக்கா, அவங்ககிட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு பேப்பர்ல அவங்க பேரு இருக்கு. அங்க என் பேரும் பிள்ளைங்க பேரும் வரணும்."

"நல்ல வாய்டி உனக்கு!" என்றாள் அக்கா. "புருசன் இன்னும் பஸ்ஸே ஏறல, அதுக்குள்ள கருமாதிக்கு நாள் குறிக்கிறியா?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். இவர் கோபித்துக்கொண்டு தம்பியிடம் சொல்லிவிட்டால்? அந்த மனசோடு அவர் ஆப்ரேசனுக்குப் போய், ஏதாவது ஆகிவிட்டால்? என் வாய்தான் கொன்றது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைப்பேன்.

உள்ளே மங்குக் குவளையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அவ பேப்பர்ல யார் பேரு இருக்குன்னு அவளக் கேளு" என்றார் சம்சாரத்திடம்.

"காதுல விழுந்துச்சில்ல? சொல்லு" என்றாள் அக்கா.

எனக்கும் மாசாமாசம் சேமநிதி பிடித்தார்கள். பதினாறு வயதில் அந்தப் பேப்பரில் கிராணி காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவள் நான். மழையில் வழுக்குகிற அதே மேட்டில்தான் நானும் தினம் ஏறி இறங்கினேன். வீட்டுக்காரர் செத்துப் போவதை ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தவள், நான் சாவேன் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"எங்கப்பா பேரு" என்றேன்.

"அவரு ஊருக்குப் போயி அங்கேயே தவறிட்டாரே" என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

"அப்ப ரெண்டு பேரும்தான் மாத்தணும்" என்றார் அவர். "என் பேரை எடுத்தா நான் ஒண்ணும் கொறைஞ்சு போயிட மாட்டேன். தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். சாட்சிக்கும் நானே வர்றேன்னு சொல்லு."

மறுநாள் வேலைக்கு ஆள் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு முடிந்து ஆபீசுக்குப் போனோம். அண்ணனும் தம்பியும் முன்னால், நான் பின்னால். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார், என்னைப் பார்க்கவில்லை. அடுத்தது நான். "யார் பேரும்மா?" என்றார் கிராணி. வீட்டுக்காரர் பேரையும் நாலு பிள்ளைகள் பேரையும் சொன்னேன். இந்தத் தடவை கைநாட்டு இல்லை. பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டபடி, என் பேரை நானே எழுத்துக் கூட்டி எழுதினேன்.

ஈப்போவுக்குப் புறப்பட்ட அன்றைக்குப் பஸ் ஜன்னலில் இருந்து குனிந்து சொன்னார், "மேட்டுல பார்த்து ஏறு. நீ விழுந்தா இப்ப எனக்குத்தான் காசு." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் மேட்டில் ஒவ்வொரு அடியையும் நான் பார்த்துத்தான் வைத்தேன்.