தெருப்பக்க ஜன்னல்

ஆம்பூரில் வீடு கட்டுபவர்களுக்கு பிளான் போட்டு, எவ்வளவு செலவாகும் என்று எஸ்டிமேட் எழுதித் தருவது அப்போது என் தொழில். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஒரு அம்மா வந்தார். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர். ஒல்லியான உடம்பு, விரல் நுனிகளில் பசையின் கறுப்பு. கையில் எது கிடைத்தாலும், தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்பதுபோல் அதன் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். என் பிளானையும் அப்படித்தான் தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டின் முன்பக்கம் ஒரு அறை கூடுதலாகக் கட்ட வேண்டும். என் கணக்கு அவர் சேர்த்து வைத்திருந்ததைத் தாண்டிவிட்டது.

"தெருப்பக்கம் நீங்க கேக்குற இவ்ளோ பெரிய ஜன்னல் எதுக்கும்மா? மரம், கம்பின்னு அதுக்கே ஜாஸ்தி ஆவுது. எடுத்துடலாம்" என்றேன்.

"அத மட்டும் எடுக்காதீங்க சார். பூச்சு வேலைய விட்டுடுங்க, செங்கல் தெரிஞ்சா தெரியட்டும். என் பொண்ணு காலேஜ் போறா. பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்புன்னு கேட்ட தெரு சார் இது. அவ உக்காந்து படிக்கிறத எல்லாரும் பாக்கணும்."

எஸ்டிமேட்டைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு மாலை அந்தத் தெரு வழியாகப் போனேன். பூசாத சுவரில் ஜன்னல் திறந்திருந்தது. விளக்கடியில் அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே இல்லை. வேலை விட்டு வந்தவர், சாப்பாட்டுக் கூடையோடு எதிர்ப்பக்கம் நின்று, யார் வீட்டையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும், "இன்னா சார், இங்கருந்து நல்லா தெரியுது இல்ல?" என்றார்.

எத்தனையோ மாடிகளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்த ஒற்றை அறையைத்தான் நானே கட்டியதுபோல் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.