மாமா சுவரில் ஒட்டிய தாள்

ஒரு மனிதர் தம் குணத்தைத் தாமே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது. இந்த எண்ணம் எனக்கு முதன்முதலில் தோன்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தத் தாளின் ஐந்தாவது வரியை எழுதிக்கொண்டிருந்தபோது. பேனாவை அப்படியே நிறுத்தி மாமாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலருகே நின்றுகொண்டு, அடுத்த வரியைச் சொல்லலாமா என்று கேட்டார். அதற்குள் நிப்பிலிருந்து மை இறங்கித் தாளில் ஒரு பொட்டாக ஊறிவிட்டது. அந்தப் பொட்டோடுதான் தாள் கடைசிவரை கடையில் தொங்கியது.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் தம்பியான இந்த மாமா மதராஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, எங்கள் ஊரில் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு மானேஜராக வந்திருந்தார். முதலாளி திருநெல்வேலிக்காரர், எப்போதாவதுதான் தலை காட்டுவார். மாமி மதராஸிலேயே இருந்ததால் மாமா கரமனையில் எங்கள் வீட்டில் தங்கினார். இதில்தான் சிக்கல். அதே கடையில் வெளியூருக்குச் சரக்கு அனுப்பும் பொறுப்பில் பதினாறு வருஷமாக இருந்தவர் என் அப்பா.

வீட்டில் அப்பா அத்திம்பேர். அக்காவின் கணவர் என்ற மரியாதை எங்கள் தெருவில் லேசானதல்ல. அப்பா உட்காராமல் மாமா உட்கார மாட்டார். அப்பா இலையில் நெய் விழாமல் மாமா சாதத்தில் கை வைக்க மாட்டார். கடையிலோ அதே அத்திம்பேர் மாமாவுக்குக் கீழே வேலை பார்ப்பவர். இருவரும் சேர்ந்தாற்போல் கடைக்குள் நுழையக் கூடாது என்று மாமா கால் மணி முன்னதாகவே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் கால் மணிக்குள் அப்பா மூன்று தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

தாளுக்கு வருகிறேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மாமா என்னை உட்கார வைத்தார். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம் ஆதலால் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என இரண்டு பிரதி. கடையில் வேலை செய்கிறவர்கள் தம்மைப் புரிந்துகொள்ள நாலு வருஷம் ஆகும், அதுவரை வீணாகப் பயப்படுவானேன், தாமே சொல்லிவிட்டால் தீர்ந்தது என்பது மாமாவின் கட்சி. மதராஸில் அவருடைய துரை இப்படித்தான் செய்தாராம்.

காலையில் வந்ததும் முதல் அரை மணி நேரம் தம்மிடம் யாரும் பேச வேண்டாம், அது கோபமல்ல, சுபாவம் என்று ஆரம்பித்தது தாள். விஷயத்தை முதலில் சொல்லவும், காரணத்தைப் பிறகு சொல்லவும். நல்ல செய்தி காத்திருக்கலாம், கெட்ட செய்தி காத்திருக்கக் கூடாது. கடையில் நான் யாருக்கும் உறவு அல்ல. இதுதான் மைப்பொட்டு விழுந்த ஐந்தாவது வரி. தப்புச் செய்தவர் தாமாக முதலில் வந்து சொன்னால் அவர்மேல் நடவடிக்கை இல்லை என்பது ஆறாவது. ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் வந்து சொல்லக் கூடாது, சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்பது ஏழாவது. இன்னும் நாலைந்து உண்டு. எல்லாமே நியாயமாக இருந்தன. அதுதான் எனக்கு உறுத்தியது.

கடையில் என்னைவிட அதிகமாக உறுத்தியிருக்கிறது. புடவைப் பகுதியில் ஒரு நாஞ்சில் நாட்டுப் பிள்ளை இருந்தார். அப்பாவுக்கு நெருங்கின சிநேகிதர். அவர் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"சாமி, அது தாளில்லே, தூண்டிலாக்கும். மொதல்ல எவன் வாயத் தொறக்கான்னு பாக்கதுக்கு வச்சிருக்கு. ரெண்டு பேரைக் கழிக்கணும்னு மொதலாளி சொல்லி விட்டிருப்பாரு. உறவு இல்லேன்னு எழுதினது யாரப் பாத்துன்னு நெனச்சேரு?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சும்மா இருப்பேனா? ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் மாமாவைப் பற்றிய சந்தேகங்களை எழுத ஆரம்பித்தேன். ஆறாவது வரியைப் பரீட்சை செய்ய அவருடைய மைக்கூட்டை வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டு நானே போய்ச் சொன்னேன். அவர் "சரி, துடைச்சுடு" என்று மட்டும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன். மை மன்னிக்கிறவர் வேலையை மன்னிப்பாரா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஆவணி பிறந்தது. முகூர்த்த நாட்கள். சாலையில் காலை வைக்க இடமில்லாத கூட்டம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட வந்தவர் கை கால் கழுவாமல் நேரே சமையலறைக்குப் போய் அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

அன்று காலை இரண்டு கல்யாணக் கட்டுகள் போக வேண்டியிருந்தன. ஒன்று தக்கலையில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு, கூறைப்புடவையும் மற்றப் பட்டும். இன்னொன்று ஆற்றிங்கலில் ஒரு மலையாளி வீட்டுக்கு, கசவு என்கிற ஜரிகைக் கரை போட்ட வெள்ளை முண்டும், நேரியது என்கிற மேல்துணியும். அவர்களுக்கு மாப்பிள்ளை கொடுக்கிற அந்த வெள்ளைதான் மங்கலம். இரண்டும் ஒரே அளவில் சாக்கில் தைத்துக் கிடந்தன. எது எது என்று குறித்த சீட்டு மாமாவின் மேஜையில் இருந்தது. மாமா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த அரை மணி நேரத்தில் போய்க் கேட்டால், மானேஜர் தம் மச்சினன் என்று சலுகை எடுத்துக்கொள்கிறார் என்று நாலு பேர் சொல்வார்களே என அப்பாவுக்குத் தயக்கம். ஞாபகத்தில் இருந்தபடி விலாசம் எழுதி, தக்கலைக் கட்டைப் பத்து மணி பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டார். பதினொரு மணிக்குச் சீட்டு கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, போனது வெள்ளை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் ஒரு தமிழ் வீட்டில் மணப்பெண்ணின் முன்னால் சாக்கைப் பிரித்து, உள்ளே முழுக்க வெள்ளையாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலு மணிக்குக் கல்யாண வீட்டு வண்டி தக்கலை பஸ் ஆபீசுக்கு வந்து கட்டை எடுத்துப் போகும். புடவைப் பகுதிப் பிள்ளை அப்பாவுக்குச் சொன்ன யோசனை, வாயைத் திறக்காமல் இருப்பது, கேட்டால் பஸ்காரன் மாற்றிவிட்டான் என்பது.

"அவன் என் தம்பிதானே, போய்ச் சொல்லுங்கோளேன்" என்றாள் அம்மா.

"உன் தம்பிங்கறதுனாலதான் சொல்ல முடியலை" என்றார் அப்பா. "எங்கிட்ட கையைக் கட்டிண்டு நின்னவன் முன்னாடி நான் போய் எப்படி நிப்பேன்? தாள்ல எழுதினதை நம்பி இந்த வயசுல வேலையை விடச் சொல்றியா?"

மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு தூக்குப் பாத்திரத்தில் போகும். கொண்டுபோகிற ஆள் வருவதற்குள் நான் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கரமனையிலிருந்து சாலை வரை ஓட்டமும் நடையும். அப்பாவைக் காப்பாற்றத்தான் போனேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பாதி எண்ணம் அந்தத் தாளைப் பரீட்சை செய்வதில் இருந்தது.

மாமா உள்ளறையில் தனியாக இருந்தார். அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே விஷயத்தை முதலில் சொன்னேன், காரணத்தைப் பிறகு. அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. தூக்கைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஏழாவது வரியை எழுதினது யாருடி?"

"நான்தான்."

"என்னன்னு எழுதினே?"

சொன்னேன்.

"அப்போ எனக்கு இப்ப ஒண்ணும் காதுல விழலை. மோர் இருக்கோ?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மாமா கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்து நிதானமாகச் சாப்பிட்டார். ஜன்னல் வழியே பார்த்தால், கடையில் எடுபிடி வேலை செய்யும் மலையாளிக் கிழவர், வாயை மேல்துண்டால் துடைத்துக்கொண்டு, வெறுங்கையோடு பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அதையும் சந்தேக நோட்டுக்காக மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு அப்பா வந்தார். மாமா எழுந்துபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். கோணி ஊசி எத்தனை இருக்கிறது, இந்தச் சணல் நூல் எங்கே வாங்கினது, மழை வந்தால் சாக்கு நனையாமல் இருக்க என்ன வழி, இப்படி ஒன்றுக்கும் ஆகாத கேள்விகள். கடை முழுக்கக் கையில் துணியை வைத்துக்கொண்டு பார்த்தது. பிள்ளை கண்ணாலேயே அப்பாவுக்கு வேண்டாம் என்று ஜாடை காட்டினார். எல்லாம் தெரிந்துகொண்டு, தெரியாதவர் மாதிரி உட்கார்ந்து அப்பாவை வதைக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடுவதை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

அரை மணி கழிந்திருக்கும். அப்பா ஊசியைக் கீழே வைத்தார்.

"தக்கலைக்குப் போன கட்டு மாறிப் போச்சு. மாத்தினது நான்தான்."

"காரணம்?"

"உங்க அரை மணி."

வீட்டில் நீ, வா, போ என்பவர் கடையில் 'உங்க' என்றார். மாமா திரும்பித் தாளின் முதல் வரியைப் பார்த்தார். பிறகு எழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, அத்திம்பேர்" என்றார். அந்தக் கடையில் அந்த வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. சரியான கட்டோடு ஒரு இளவட்டத்தை இரண்டேகால் மணி பஸ்ஸில் அனுப்பினார். அப்பாவின்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. மறுநாள் தாளின் முதல் வரியில் நேராக ஒரு கோடு கிழித்திருந்தது.

தக்கலையில் வெள்ளைக் கட்டு யார் கைக்கும் போகாமல் திரும்பி வந்தது. வண்டிக்காரன் தாமதமாக வந்தான், பகவான் கிருபை என்று அப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். கரமனைத் தெருவில் அந்தத் தாளை அவரைப்போலப் புகழ்கிறவர் வேறு கிடையாது. நான் மட்டும் மாமாவை மன்னிக்கவில்லை. அப்பாவை அரை மணி நேரம் தவிக்கவிட்டவர் என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அடுத்த வருஷம் மாமா தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனார். நான் அந்த வீட்டுக்கு அதிகம் போனதில்லை.

இதெல்லாம் எட்டு வருஷப் பழைய விஷயம். போன மாதம் பஸ்ஸில் அந்த மலையாளிக் கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேச்சுவாக்கில் சொன்னார்.

"குஞ்ஞே, அன்னைக்கு நான் சோறு உண்ணிட்டு இருக்கேன். மானேஜர் சாமி வந்து, ஓடு தக்கலைக்கு, வெளுத்த துணிக்கட்டை யாரு வந்தாலும் கொடுக்கப்பிடாது, பின்னாலே ஒருத்தன் சரியான கட்டோட வருவான், அதுவரை பிடிச்சு நிறுத்துன்னார். வண்டிக்காரன் கரெக்டா நாலு மணிக்கு வந்நு. சீட்டு எவிடே, கையொப்பு எவிடேன்னு அவனோட முக்கால் மணி நேரம் வழக்காக்கும். நம்ம பையன் பஸ்ஸிலிருந்து இறங்கறதைக் கண்டதும் குடையைத் தாழ்த்திப் பிடிச்சுட்டு நான் போந்நு. யாருகிட்டயும் வாய் தொறந்து மிண்டப்பிடாதுன்னு சாமி சொல்லியிருந்தார். இப்ப வேலையை விட்டாச்சு, அல்லே?"

பஸ் கரமனைப் பாலத்தைத் தாண்டி நான் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டது.

வெறுங்கையோடு ஓடினாரே, ஏன் சரியான கட்டை அப்போதே கொடுத்து அனுப்பவில்லை? அது அப்பாவின் காலடியில் கிடந்தது. அதை எடுத்திருந்தால் மானேஜருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் அவர் தாமாக முதலில் சொன்னவர் ஆகியிருக்க முடியாது. மாமா ஏழாவது வரியைக் கை கழுவுகிற நேரத்தில் மீறிவிட்டு, ஆறாவது வரிக்குள் அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தாளில் சூது இருக்கிறது என்று நினைத்தேனே, அது சரிதான். யார் பக்கத்துச் சூது என்பதுதான் அந்தப் பன்னிரண்டு வயதில் பிடிபடவில்லை. ஒருவேளை கடையின் பெயரைக் காப்பாற்றத்தான் செய்தாரோ என்று இப்போதும் ஒரு மூலையில் தோன்றுகிறது. கேட்டால் மோர் இருக்கிறதா என்பார்.

எங்கள் தெரு மாதர் சங்கத்து வாசகசாலைக்கு இந்த வாரம் என்னைக் காரியதரிசி ஆக்கியிருக்கிறார்கள். எனக்குக் கீழே நாலு பேர், எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், ஒருத்தி அப்பாவின் அக்கா. நேற்று நல்ல தாளாக ஒன்று வாங்கி வந்து என் குணங்களை எழுத ஆரம்பித்தேன். ஆறாவது வரியை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஏழாவதில் பேனா நின்றது. எழுதினால் ஒருநாள் மீற வேண்டிவரும். மீறினால் யாருக்கும் தெரியாமல் மீறத் தெரிய வேண்டும். எனக்கு ரகசியம் தங்காது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒட்டப் போகிறேன். அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படிப்பாள். பிறகு திரும்பி, தாளை விட்டுவிட்டு, அன்று நான் மாமாவைப் பார்த்த மாதிரி என்னைப் பார்ப்பாள்.