ஒரகடம் சாலையில் ஓர் ஆங்கிலப் பரீட்சை

1991 ஆகஸ்ட், ஒரு புதன்கிழமை. காலை 7.40. தாம்பரத்தில் மணிமங்கலம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் மூன்று ரூபாய். ஜன்னல் சீட்டுக்குக் கண்ணாடியும் இல்லை, ஷட்டரும் இல்லை. கண்டக்டரிடம் கேட்டால், “காத்து வருது இல்ல, அப்பால இன்னாம்மா?” என்கிறார். அப்போதே எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அன்று முழுவதும் அது இறங்கவே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தாம்பரத்தில் ஆங்கிலம் பேசக் கற்றுக் கொடுப்பவள். ஒரகடம் சாலையில் வண்டிகளுக்கு வயர் செட் செய்யும் ஒரு கம்பெனி, புதன்தோறும் கேன்டீனில் வகுப்பு எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தது. வெளிநாட்டு இன்ஜினியர்கள் வரப்போகிறார்களாம். அதனால் லைன் லீடர் ஆக வேண்டுமானால் ஆங்கிலப் பரீட்சை. லீடர் ஆனால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் தற்காலிகம்தான், எந்தக் காலையிலும் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். அந்தப் பரீட்சை இன்றைக்கு.

8.15. மணிமங்கலத்தில் செல்வி ஏறினாள். என் கேன்டீன் வகுப்பில் முன்வரிசைப் பெண், தற்காலிகத் தொழிலாளி, இருபத்திரண்டு வயது. இன்றைக்கு அவளுக்கு வார விடுமுறை. விடுமுறை நாளில், சம்பளம் இல்லாமல், சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து பரீட்சை எழுத வேண்டும்.

“டீச்சர், ஐ காட் ஆன்” என்று சிரித்தாள். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அதுக்கு இன்னா இங்கிலீசு?”

“மூவ் ஓவர்.”

“இதுலயும் ஓவரா? ஹேண்ட் ஓவர், டேக் ஓவர், இப்ப மூவ் ஓவர். இவனுங்க ஓவர வுடவே மாட்டானுங்க போலகீது.”

ஆங்கிலத்தின் அழிச்சாட்டியம் இதுதான். ‘கெட்’ என்று ஒரு சொல். பின்னால் ஆன் போட்டால் ஏறுவது, ஆஃப் போட்டால் இறங்குவது, அப் போட்டால் எழுந்திருப்பது. உருப்போட்டால் மறுநாளே மறந்துவிடும். அதனால் என் வகுப்பில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. விளக்கை அணைத்துக்கொண்டே ‘டர்ன் ஆஃப்’, பெட்டியைத் தூக்கிக்கொண்டே ‘பிக் அப்’, கீழே வைத்துக்கொண்டே ‘புட் டவுன்’. கை செய்வதை வாய் சொல்ல வேண்டும். செல்வி அடுப்படியிலும் இதையே செய்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஒரகடம் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் ஏரியும் வயலும், நடுநடுவே புதிதாக எழும்பிய சுற்றுச்சுவர்கள். கம்பெனி வாசலில் இறங்கியபோது மணி 9.50.

10.30. பரீட்சை நடத்தச் சென்னை ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி காரில் வந்திருந்தார். நம்மூர்க்காரர்தான், தமிழர்தான். அவர் கட்டளை சொல்ல, செல்வி செய்துகொண்டே பதில் சொன்னாள். ஃபேனைப் போட்டாள், அணைத்தாள். வயர் தீர்ந்துவிட்டால் என்ன சொல்வாய் என்றதற்கு, “சார், வயர் ஹேஸ் ரன் அவுட்” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக அவர் கை நீட்டினார். ஷிஃப்ட் முடிந்துவிட்டது, கத்தரிக்கோலை என்னிடம் ஒப்படை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

செல்வி கத்தரியைத் திருப்பி, கூர்முனை தன் பக்கம் இருக்கும்படி மேஜையில் அவர் முன்னால் வைத்தாள். “சார், ஐ ஆம் ஹேண்டிங் ஓவர். ப்ளீஸ் டேக் ஓவர்.”

“என் கையில்” என்றார் அவர், ஆங்கிலத்திலேயே.

அவள் எடுத்தாள், தயங்கினாள். மறுபடி மேஜையிலேயே, இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் பேனாவை மூடினார். ஃபெயில்.

“சார், கத்தரியைக் கையில கொடுத்தா சண்டை வரும்னு யாரும் நேரா கொடுக்க மாட்டாங்க. அர்த்தம் தெரியாம இல்ல” என்றேன்.

“மேடம், இது ஃபேக்டரி. மூடநம்பிக்கையை எல்லாம் வீட்டுலயே விட்டுட்டு வரணும். வெளிநாட்டுக்காரன் முன்னாடி நம்ம மானம் போயிடும்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செல்வி வெளியே போய் வேப்பமர நிழலில் நின்றாள்.

12.45. கேன்டீனில் சாப்பாடு. அதிகாரி எனக்கு எதிரே உட்கார்ந்தார். சாம்பாரில் உப்பில்லை. “மேடம், அந்த உப்பு...” என்று கேட்டார். கிண்ணத்தை எடுத்து அவர் கைக்கு நேராக நீட்டினேன். சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

“கீழ வைங்க, கீழ வைங்க. உப்பைக் கையில வாங்கக் கூடாது.”

“ஏன் சார், ஹேண்ட் ஓவர்தானே பண்றேன்?”

“இது உப்பு மேடம்.”

“அது கத்தரி சார்.”

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. “அது வேற, இது வேற. ரிசல்ட் போட்டாச்சு. வேணும்னா அடுத்த மாசம் மறுபடி வரச் சொல்லுங்க” என்றார். நான் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. என் பக்கமே வைத்துக்கொண்டேன். உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தார்.

2.00. ஷிஃப்ட் மாறும் சங்கு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் ஷிஃப்ட் பெண்கள் கத்தரிகளை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள், அடுத்த ஷிஃப்ட் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் உப்புக் கதையைச் செல்வியிடம் கொட்டித் தீர்த்தேன். என்ன அநியாயம், மேலிடத்துக்கு எழுதப்போகிறேன் என்று கத்தினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கதையில் உப்புக் கிண்ணம் வந்தபோது மட்டும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். என் வீட்டிலும் உப்பைக் கீழே வைத்துத்தான் எடுப்போம். அதற்காக யாரும் எங்களைப் பரீட்சையில் ஃபெயில் ஆக்கியதில்லை.

மணிமங்கலம் வந்தது. செல்வி எழுந்தாள்.

“அடுத்த மாசமும் வர்றேன் டீச்சர்” என்றாள். “இந்த தபா கத்தரிய நேரா அவரு கையிலயே குட்த்துடறேன். சண்டதானே வரும்? வரட்டும்.”