றோட்டுப் பக்கமாக ஓடியவர்

வழக்கு முடிந்த அன்று பின்னேரம் பஸ் முதலாளி தானே வீடு தேடி வந்து, சாவியை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார். "நாளைக்கு முதல் ஓட்டம் உங்கடைதான்" என்று அத்தானின் தோளில் தட்டினார். சிவப்பு நூல் கட்டிய அந்தச் சாவி இராச் சாப்பாட்டு நேரமும் அங்கேயே கிடந்தது. கறிச் சட்டியை வைக்க இடமில்லாமல் அக்கா அதை ஒருமுறை தள்ளி வைத்தாள். அத்தான் தொடவே இல்லை. மறுநாள் விடிய, நான் ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் புறப்படும்போது அதைப் பழைய கடித உறை ஒன்றில் போட்டு என்னிடம் நீட்டினார். "போற வழியில முதலாளியிட்டைக் குடுத்துவிடு, பிள்ளை. இனி என்னால ஏலாது எண்டு சொல்லு."

அத்தான் என் அக்காவின் கணவர். உப்புவெளியில் அவர்கள் வீட்டில்தான் நான் பல வருடங்களாக இருக்கிறேன். குச்சவெளிக்கும் திருகோணமலைக்கும் இடையில் பதினெட்டு வருடம் தனியார் பஸ் ஒன்றை ஓட்டியவர் அவர். அந்தத் தெருவில் எந்த வீட்டில் கலியாணம், எந்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் அவருக்கு எங்களுக்கு முதலே தெரியும். மீன் கூடையோடு நிற்கிற கிழவிக்காக அரைவாசி வழியில் பஸ்ஸை நிறுத்துவார். அதற்காக ஏச்சும் வாங்குவார்.

சாம்பல்தீவுப் பாலத்துக்கு அங்கால் இருக்கும் வளைவில்தான் ஓர் உயிரைக் கொண்டுபோன அந்த விபத்து நடந்தது. நிலாவெளியைச் சேர்ந்த ஒருவர், சைக்கிள் கரியரில் வெங்காய மூட்டையைக் கட்டிக்கொண்டு திருகோணமலை ரவுண் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். பற்றைக்குள் இருந்து கன்றுக்குட்டி ஒன்று பாய்ந்தது. அவர் ஹான்டிலை வலப்பக்கம் வெட்டினார். பின்னால் அத்தானின் பஸ். வேகமாக வரவில்லை என்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சாட்சி சொன்னார்கள். நீதிமன்றமும் அதையே சொன்னது. எங்கள் வீட்டில் எல்லோரும், முக்கியமாக நான், "உங்களில பிழை இல்லை அத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். அது அவருக்கு ஆறுதல் என்று நினைத்தோம். அவரைப் பேச விடாமல் வாயை மூடி வைத்தது அந்த வசனம்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு பாலையூற்றில் ஒரு கட்டடப் பொருள் கடையில் களஞ்சியப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் வாங்கினார். அதுவரை யாருக்கும் அது புதினமாகப் படவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடிய ஐந்தரைக்கு அந்தச் சைக்கிளில் வெளிக்கிடத் தொடங்கினார். எங்கே என்று கேட்டால், "சும்மா, கடற்கரைப் பக்கம்" என்பார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அக்கா என் அறைக் கதவைத் தட்டினாள். "நீயும் உன்ர சைக்கிளை எடுத்துக்கொண்டு போ. அவரைத் தனிய விட எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் போய்ச் சேர்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். அன்றுதான் அந்தத் தெருவை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருந்தும், சல்லி ஊருக்குத் திரும்பும் சந்தியில் வலை காய்கிற மணம் இவ்வளவு என்று தெரியாது. பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் களப்பு அசையாமல் கிடக்கும், மறுபக்கம் கடல் இரையும். நிலாவெளி கிட்டக்கிட்ட, பனைகளுக்கு இடையில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் சத்தம் கேட்கும். தெருவின் நடுவே மாடுகள் படுத்திருக்கும், தார் பகல் சூட்டை இரவெல்லாம் வைத்திருப்பதால். அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

வளைவு வந்ததும் அத்தான் இறங்கிவிட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு, தெரு ஓரத்துப் புல்லைப் பார்த்தபடி நடந்தார். நானும் இறங்கி நடந்தேன். அதற்குள் பின்னால் இருந்து ஒரு பஸ் வந்து எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் என் சைக்கிள் ஒருபக்கம் சரிந்தது, கண்ணுக்குள் மண். போன பஸ்ஸையே அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் காத்தை நான் பதினெட்டு வருஷம் சனத்துக்கு அடிச்சனான், பிள்ளை. எனக்குத் தெரியாது. மேல இருந்தால் தெரியாது."

என் வாயில் அந்தப் பழைய வசனம் வந்தது. நல்ல காலம், சொல்லவில்லை.

அப்படியே ஏழெட்டு மாதம் போயிற்று. ஞாயிறு தவறாமல் போனோம். நிலாவெளியில் ஒரு மணல் ஒழுங்கை இறங்குகிற இடத்தில் அத்தான் ஒரு நிமிடம் நிற்பார், பிறகு சைக்கிளைத் திருப்புவார். அந்த ஒழுங்கைக்குள்தான் இறந்தவரின் வீடு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒழுங்கை வாயிலில் ஒரு பெண் நின்றிருந்தார். என்னை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கையில் வாளி, நெற்றியில் பொட்டில்லை. நாங்கள் நிற்பதற்கு முன்பே கேட்டார்:

"எத்தினை ஞாயிற்றுக்கிழமை பாக்கிறன். வாறீங்கள், நிக்கிறீங்கள், போறீங்கள். ஏன் உள்ளுக்கு வாறேல்லை?"

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான், "அவருக்கு என்னெண்டு வாறதெண்டு தெரியேல்லை அக்கா" என்றேன்.

"காலாலதான்" என்றார் அவர், சிரிக்காமல். முன்னால் நடந்தார்.

முற்றத்தில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டார். தான் வாசற்படியில் இருந்தார். தேநீர் கொண்டுவந்தார், அத்தான் அதைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா நேராகவே கேட்டார்.

"கோட்டில எல்லாரும் எல்லாம் சொன்னவை. நான் கேக்க நினைச்சதை ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள்தானே முதல் இறங்கி ஓடினனீங்கள். அவர் ஏதும் சொன்னவரோ?"

அத்தான் தேநீர்க் கோப்பையை நிலத்தில் வைத்தார். ஏதாவது ஒரு நல்ல சொல்லைக் கட்டிச் சொல்லிவிடுங்கள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. மனைவி பெயரைச் சொன்னார் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

"பொய் சொல்ல ஏலாது, தங்கச்சி" என்றார் அத்தான். "ஒண்டும் சொல்லேல்லை. கண் முழிச்சிருந்தவர். என்ர கையைப் பிடிச்சவர், இறுக்கி. அம்புலன்ஸ் வரும்வரைக்கும் விடேல்லை. நானும் எடுக்கேல்லை."

முற்றத்தில் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்த அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப தனியக் கிடக்கேல்லை" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் தனியக் கிடந்தவர் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். அதன் பிறகுதான் அத்தான் அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பெற்றோல் இல்லாமல் போன அந்த மாதங்கள் இதற்குப் பிறகு வந்தன. வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. பஸ்கள் நினைத்த நேரம் ஓடின, நினைத்த நேரம் நின்றன. அந்த அக்கா ரவுண் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். வேலையை விட ஏலாது, இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சியாரின்ர சைக்கிள் ஒண்டு கிடக்கு. எனக்கு ஓடத் தெரியும். ஆனால் அந்த றோட்டில ஏற கால் வருகுதில்லை, அண்ணை."

மறுநாள் இருட்டு விலகும்போதே நாங்கள் இருவரும் அவர் ஒழுங்கை வாயிலில் நின்றோம். ஊர்ச் சனம் ஏதும் கதைக்கக்கூடாது என்று என் அக்காதான் என்னையும் அனுப்பினாள். எனக்கும் அலுவலகம் ரவுண் பக்கம்தானே. அந்த அக்கா இரண்டு தரம் ஏறி இரண்டு தரமும் இறங்கினார். அத்தான் அவசரப்படுத்தவில்லை.

"நீங்கள் ஓரத்தால போங்கோ" என்றார். "நான் றோட்டுப் பக்கமா வாறன். என்னைத் தாண்டித்தான் எதுவும் உங்களிட்டை வரும்."

அந்த அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொன்ன வார்த்தையின் பாரம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பிறகு பெடலை மிதித்தார்.

அத்தான் அவருக்கு வலப்பக்கம், அரைச் சில்லு பின்னால். நான் கடைசி. எப்போதாவது ஓடுகிற பஸ் ஒன்று வரும், சனம் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும், சாரதி விடாமல் ஹோர்ன் அடிப்பார். அத்தான் ஓர் அங்குலம் விலகமாட்டார். "கிழவா, ஓரத்தால போ!" என்று ஒருவன் கத்தியதும் உண்டு. பழைய சாரதிமார் சிலர் அவரை அடையாளம் கண்டு, வேகத்தைக் குறைத்து, தெருவின் அந்தப் பக்கத்தால் சுற்றிப் போனார்கள். வளைவில் முதல் நாள் அந்த அக்காவின் சைக்கிள் ஒருமுறை தள்ளாடியதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். ஆனால் அவர் இறங்கவில்லை. அத்தானும் இறங்கவில்லை. ஐந்து மாதம், வேலை நாட்களில் விடியற்காலையில், அப்படியே போனோம்.

இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது. பஸ்கள் முன்னரைப் போலப் பறக்கின்றன. என் அக்கா ஒரு காலத்தில் ஆசைப்பட்டது போல அத்தான் மறுபடி ஸ்ரியறிங் பிடிக்கவில்லை, அவள் இப்போது கேட்பதும் இல்லை. ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் இன்னும் சைக்கிளில் போகிறோம். எனக்கு முழங்கால் நோ, அவருக்கு மூச்சு வாங்குகிறது. வழியில் இளநீர் குடிக்க இரண்டு தடவை நிற்கிறோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, திரும்பி வரும்போது சாம்பல்தீவுப் பாலத்தில் பின்னால் ஒரு ஸ்கூட்டியின் ஹோர்ன் மெதுவாக ஒருமுறை கேட்டது. அந்த அக்காதான். லைசன்ஸ் எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம், அவர் ஓட்டுவதைப் பார்த்ததில்லை. எதிரே வாகனம் இல்லை என்று பார்த்து, எங்களை விட்டு நல்லாய் விலகி, தெருவின் மறுபாதியால் தாண்டிப் போனார். தலைக்கவசத்துக்குள் இருந்து, "இண்டைக்கும் வேலை, நேரம் போச்சு அண்ணை!" என்று ஒரு சத்தம்.

"பாத்தியா, எவ்வளவு இடம் விட்டுப் போறா" என்றார் அத்தான்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அக்காவிடம் அதைச் சொன்னார். சொல்லிக்கொண்டு போனவர், தான் பஸ் பழகிய காலத்தில் கும்புறுப்பிட்டியில் ஓர் ஆட்டு மந்தைக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் நின்ற கதைக்கு வந்துவிட்டார். சனம் இறங்கி ஆடு கலைத்ததை, கொண்டக்டர் கிடாய் ஒன்றிடம் இடி வாங்கியதை, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளில் இருந்து பஸ் ஓடிய கதை எதுவும் அந்த வீட்டில் கேட்டதில்லை. அக்கா கறியைப் போட மறந்து, அகப்பையைக் கையில் பிடித்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.